விருந்துக்கு அரிய பிராணி

கொட்டாவி விடுகிறவர்கள் விட்டு முடித்துவிட்டு வாருங்கள். கதையை இரண்டு தரம் சொல்ல மாட்டேன்.

கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்க மழைக்காட்டின் ஓரத்தில், முன்னொரு காலத்தில் லுமோங்கோ என்று ஒரு ராஜா இருந்தான். ஆளும் நாடு சின்னது, சாப்பிடும் வயிறு பெரியது. மான், பன்றி, முதலை எல்லாம் தின்று அலுத்துப்போய், சமையற்காரன் பொசாங்கோவைக் கூப்பிட்டு, "புதுசா ஏதாவது போடுடா" என்றான்.

பொசாங்கோ காடெங்கும் முரசு அறையச் சொன்னான். "மன்னர் விருந்துக்கு அரிய பிராணி தேவை! அரிய பிராணி தேவை! அரிய பிராணி தேவை!"

அந்தக் காட்டில் வெள்ளிமுதுகன் என்று ஒரு கொரில்லாவும், செவ்வாலி என்று ஒரு சாம்பல் கிளியும் இருந்தன. மரங்கள் விழ விழ, கண்ணிகள் பெருகப் பெருக, இரண்டின் இனமும் தேய்ந்துகொண்டே வந்தது. அதற்கு அழுதிருக்க வேண்டும். இந்த அசடுகளோ பெருமைப்பட்டுக்கொண்டன! ராஜா தன்னைத்தான் விருந்தாளியாக அழைக்கிறார் என்று இரண்டுக்கும் தலைகால் புரியவில்லை.

"அரிய பிராணி நான்தான். எங்க இனத்துல மொத்தமே பத்துப் பேர்" என்றது கொரில்லா.

"நாங்க ஒன்பதுதான் அண்ணே" என்றது கிளி.

"எங்க மாமாவுக்குப் பல்லு இல்ல. அவரைக் கழிச்சா நாங்களும் ஒன்பது."

"எங்க அத்தைக்கு வால் சாயம் போயிடுச்சு. அவளைக் கழிச்சா எட்டு!"

"என் குட்டி இன்னும் பால்தான் குடிக்குது. அதையும் கழி. நாங்களும் எட்டு!"

பெற்ற பிள்ளையைக் கழித்த தகப்பனை என்னவென்று சொல்ல?

சண்டை முற்றிய நேரத்தில் பொசாங்கோ வந்தான். கையில் ஒரு துணிப் பொட்டலம், பின்னால் வலையோடு நான்கு ஆட்கள். "இதுக்குப் போய்ச் சண்டையா? எல்லாரையும் வெட்டவெளிக்குக் கூப்பிடுங்க, எண்ணிப் பாத்துடலாம்" என்றான் சிரித்த முகமாக.

பதுங்கியிருந்த உறவுகளை எல்லாம் இரண்டும் தாங்களே கூவி அழைத்தன. பத்துக் கொரில்லாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்பது கிளிகள் தாழ்ந்த கிளையில் வந்து அமர்ந்தன.

"விருந்துல எங்களுக்கு எந்தப் பக்கம் இடம், ஐயா?" என்று கேட்டது செவ்வாலி.

பொசாங்கோ பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே முழநீளக் கத்தி. "சட்டிக்குள்ளதான் இடம். வெங்காயம் அரியறோம், கீரை அரியறோம். அந்த மாதிரி அரிய ஒரு பிராணி கேட்டேன்."

உடனே பேச்சு தலைகீழானது.

"நாங்க காடு பூரா கிடக்கோம் ஐயா, கிளிதான் அரிது!"

"எங்களை யாரு சீந்துவா? கொரில்லாதான் அரிது!"

"ரெண்டையும் அரியறேன்" என்றான் பொசாங்கோ. வலைக்காரர்கள் கொரில்லாக்களைச் சுற்றி வளைத்தார்கள்.

கிளிகள் விர்ரென்று பறந்து உயரமான மரங்களுக்குத் தப்பின. செவ்வாலி அப்படியே போயிருக்கலாம். ஆனால் கீழே அந்தக் குட்டி தாயின் மார்பைக் கட்டிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டது. அதற்கு மனசு கேட்கவில்லை. தான் போட்ட போட்டியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அண்ணே, மாரைத் தட்டு! மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்!"

வெள்ளிமுதுகன் எழுந்து நின்று மார்பில் அறைந்தது. தொம், தொம், தொம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லக் கிளிக்குக் கற்றுத்தர வேண்டுமா? கிழக்கு மரத்திலிருந்து தொம், தொம், தொம். மேற்கு மரத்திலிருந்து தொம், தொம், தொம். தலைக்கு மேலே ஒரு பெரிய உறுமல், முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. பல்லில்லாத மாமாவும் தன் பங்குக்கு ஓர் உறுமல் போட்டார்.

"ஐயோ, நூறு கொரில்லா இருக்கும் போலிருக்கே!" வலைக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பொசாங்கோ கத்தியையும் போட்டுவிட்டு அவர்களை முந்திக்கொண்டு ஓடினான்.

அரண்மனையில் ராஜா இலை முன்னால் காத்திருந்தான்.

"மன்னா, அந்தக் காட்டுல அரிய பிராணின்னு ஒண்ணுமே இல்லை" என்றான் பொசாங்கோ, மூச்சு வாங்க. "எல்லாம் கூட்டங்கூட்டமா இருக்கு!"

அன்றைக்கு ராஜாவுக்கு வெறும் கீரைதான்.

குறைந்துபோனவர்கள் தங்களுக்குள் யார் குறைவு என்று போட்டி போட்டால் அழிவார்கள், ஒருவருக்காக ஒருவர் குரல் கொடுத்தால் பிழைப்பார்கள்.