ஊசிக்களாப் புதர்

"நான் கிளம்புறேன்ம்மா," என்றார் குழந்தைவேலு. கையில் துணிமூட்டை.

செண்பகவல்லி அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. அந்த மலைக்குடிலின் குரு அவர். சீடரான குழந்தைவேலுவைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏன்?"

"வர்றவங்க எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுறீங்க. எனக்கு மட்டும் முள்ளு. நேத்து நாலு பேர் என்னைச் சாமின்னு கும்பிட வந்தாங்க. அவங்க எதிர்லயே, போய் அண்டாவைக் கழுவுங்கன்னீங்க."

"அண்டா கழுவாமக் கிடந்துது."

குழந்தைவேலு மூட்டையைத் தோளில் மாட்டினார்.

"சரி, போங்க. வழிக்கு ஊசிக்களாப் பழம் பறிச்சுக்குங்க. எனக்கும் ஒரு கை வச்சிட்டுப் போங்க. ரசத்துக்குப் புளி தீர்ந்துபோச்சு."

குடிலுக்குப் பின்னால் ஆடு மேயும் புல்வெளி. அதன் நடுவே அந்த ஒற்றை ஊசிக்களா முட்புதர்.

குழந்தைவேலு ஒரு கருநீலப் பழத்தை வாயில் போட்டார். முதலில் புளிப்பு கண்ணை மூட வைத்தது. பிறகுதான் இனித்தது.

ஓரத்துப் பழங்களைப் பறவைகள் முடித்திருந்தன. நல்ல குலைகள் உள்ளே இருந்தன. கையை விட்டார். முள் முழங்கை வரை கிழித்தது.

"நீயும் அப்படித்தானா?" என்றார் செடியிடம்.

கோபம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அரிவாளை எடுத்து வந்தார். வெட்டிய இடமெல்லாம் அரைத்த மஞ்சள் நிறம்.

பாதிப் புதர் சாய்ந்ததும் அரிவாள் நின்றுவிட்டது.

உள்ளே ஒரு நாவல் மரக்கன்று.

இடுப்பளவு உயரம். ஓர் இலையில்கூடப் பல் படவில்லை. புல்லை வேர்வரை கடித்துத் தின்னும் ஆடுகளுக்கு நடுவில், இத்தனை காலமாக, ஒருவருக்கும் தெரியாமல் வளர்ந்திருக்கிறது. பழம் தின்ன வந்த ஏதோ பறவை போட்ட விதை.

குழந்தைவேலுவுக்கு மயிர் கூச்செறிந்தது. தொடக்கூடப் பயமாக இருந்தது. அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

பின்னால் மணிச்சத்தம் கேட்டது. ஆடுகள் வந்துவிட்டன. முன்னால் வந்தது கழுத்தை நீட்டிக் கொழுந்தைக் கடித்தது.

அவர் பாய்ந்து மறித்தார்.

சாயங்காலம் அம்மா வந்து பார்த்தபோது, குழந்தைவேலு வெட்டிய முட்கிளைகளைக் கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் ரத்தம். சற்றுத் தள்ளி அவருடைய மூட்டையை ஒரு ஆடு மென்றுகொண்டிருந்தது.

"கிளம்பலையா?"

"ஆடு எட்டாத உயரம் வரட்டும்மா."

அம்மா கன்றைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"அண்டா கழுவாமக் கிடக்கு," என்றார்.

குழந்தைவேலு ரத்தக் கையோடு அவரைக் கும்பிட்டார்.