கல்லில் மட்டும் வென்ற நாடு

வெண்குன்றத்தை ஆண்ட ஆதன் நெடுங்கோ நல்ல மனிதர்தான். நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். போர் என்றால் மட்டும் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத்தான் கல்வெட்டு ஆசை பிடித்தது.

ஊருக்கு மேலே ஒரு குகை. மழைக்காலத்தில் சமண முனிவர்கள் ஊர் ஊராக நடக்கமாட்டார்கள், ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். அவர்களுக்காகக் குகைக்குள் கல்லிலேயே படுக்கையும், மழைநீர் உள்ளே வராதபடி குகை நெற்றியில் ஒரு காடியும் வெட்டித் தருவதாக ராஜா வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தவர் பெயரைப் படுக்கையோரம் வெட்டுவது வழக்கம்.

"வெறும் பெயரா? ஏழு நாடுகளை வென்றேன் என்று முதலில் வெட்டுங்கள். படுக்கையை அப்புறம் பார்க்கலாம்" என்றார் ராஜா.

கல்தச்சன் பிட்டன் மந்திரி குவிரனிடம் ஓடினான்.

"ஐயா, ராசா எந்த நாட்டையும் புடிச்ச மாதிரி தெரியலையே! இத வெட்டி முடிக்கிறதுக்குள்ள மழ வந்துரும். பாவம், சாமிமாருங்க நனைஞ்சுக்கிட்டே கெடப்பாங்க."

பிட்டன் சொன்னது சரி என்று குவிரனுக்கும் தெரியும். ஆனால் ராஜாவிடம் போய் "இது பொய்" என்றால், முதலில் வெட்டுப்படுவது கல்லாக இருக்காதே!

"முதல் நாட்டின் பெயரை மட்டும் வெட்டு" என்று சொல்லிவிட்டு, ஆற்றைத் தாண்டி அந்த நாட்டுக்கே போனார். அங்கே ஏரிக்கரை உடைந்துபோய், குடியானவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கள் ராஜா உங்களை வென்றுவிட்டார், தெரியுமா?"

"எப்பங்க? நாங்க ஊர்லதான இருந்தோம்!"

"கல்லில் வெட்டியாயிற்று. வென்ற நாட்டில் கரை உடைந்தால் வென்றவர்தான் அடைக்க வேண்டும், அதுவரை சோறும் போட வேண்டும். இந்த வழக்கம் உங்களுக்கும் உண்டல்லவா?"

மறுநாள் ராஜா இலையில் கை வைக்கிறார், வாசலில் ஒரே கூச்சல். மண்வெட்டியும் கைக்குழந்தையுமாக ஒரு கூட்டமே நின்றது.

"யார் இவர்கள்?"

"தாங்கள் வென்ற நாட்டார், மகாராஜா" என்றார் பக்கத்தில் நின்ற குவிரன்.

ஒரு பெண் முன்னால் வந்து கும்பிட்டாள். "தோத்தவங்க வந்திருக்கோம் சாமி. பசிக்குது."

"நான் எப்போது இவர்களை வென்றேன்?" என்று அலறினார் ராஜா.

"அதைத்தான் இவர்களும் கேட்டார்கள். குகையைக் காட்டினேன், நம்பிவிட்டார்கள். மிச்சமுள்ள ஆறு நாடுகளின் பெயர்களையும் வெட்டிவிட்டால் அவர்களும் நம்பிவிடுவார்கள். அதில் இரண்டு நாடுகளில் பஞ்சம்."

ராஜா இலையை விட்டே எழுந்துவிட்டார். "அந்தப் பெயரைக் கொத்தி எடுக்கச் சொல்! படுக்கையை வெட்டு, காடியை வெட்டு, என் பெயரோடு நிறுத்து!"

"உத்தரவு. ஆனால் இன்றுவரை கல்லில் இவர்கள் நம் குடிகள். இந்த ஒரு கரையை மட்டும் அடைத்துவிடலாம்."

வேறு வழி? அடைத்தார். சோறும் போட்டார்.

மழை வந்தது. முனிவர்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. குகைக்கு வந்த ராஜா, 'ஆதன் நெடுங்கோ கொடுத்த படுக்கை' என்ற வரியைத் தடவித் தடவிப் பார்த்தார். பழைய ஆசை மெல்ல எட்டிப் பார்த்தது.

"குவிரா, வென்ற ஏழு நாடுகளையும் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாவது ஒரு வரி சேர்க்கலாமே?"

"தாராளமாக, மகாராஜா. ஏழு நாட்டாரும் நன்றி சொல்ல வருவார்கள். சாப்பாட்டு நேரத்துக்கே வருவார்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில், தியானத்தில் இருந்த முனிவர்களே கண்ணைத் திறந்துவிட்டார்கள். தன் முத்துமாலையைக் கழற்றிக் குவிரன் கழுத்தில் போட்டார். பிறகு உடன் வந்திருந்த பிட்டன் பக்கம் திரும்பி, "இது உன் கையில் இருந்தால் எனக்கு மறுபடி ஆசை வரும்" என்று அவன் உளியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.