குனிந்து போகும் வாசல்

வெண்ணாற்றூர் பாக்குக்காரத் தெருவில் வடிவம்மா என்று ஒரு குரு இருந்தார். காவி கிடையாது, பீடம் கிடையாது, வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அப்பா விட்டுப்போன ஓட்டு வீடும் அவர் இருந்த இடத்தில் உட்காரும் பொறுப்பும்தான் சொத்து. வியாழக்கிழமை சாயந்திரம் நாலைந்து பேர் வருவார்கள். கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதுவும் சொல்ல மாட்டார்.

வருகிறவர்களில் மூத்தவர் நகராட்சிப் பொறியாளர் கனகசபை. குருவைவிடப் பத்து வயது பெரியவர். வடிவம்மாவின் அப்பா காலத்திலிருந்தே வந்துகொண்டிருப்பவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வீட்டில் அவருக்கு மிகவும் பிடித்தது வாசல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் படியேறித்தான் அந்த வீட்டுக்குள் போவார். பிறகு எப்போதோ படி காணாமல் போயிற்று. நேரே நடந்து போனார். அதற்கப்புறம் ஒருநாள் நிலையில் தலை இடித்தது. குனியப் பழகினார். இப்போதெல்லாம் முதுகை நன்றாக வளைத்து, மழைத் தண்ணீருக்குத் தடுப்பாகக் கட்டிய குட்டைச் சுவரைத் தாண்டி, கிணற்றில் இறங்குவதுபோல் உள்ளே இறங்க வேண்டும். மனிதர் இதற்குத் தானாக ஓர் அர்த்தம் வைத்திருந்தார். வருஷம் போகப் போகத் தன் கர்வம் கரைகிறது, அதனால்தான் இன்னும் கொஞ்சம் குனிய முடிகிறது என்று அலுவலகத்தில் சொல்வார். சொல்லும்போது கண் கலங்கும். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். மேலதிகாரி கண் கலங்கினால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

வாசல் தாழ்ந்ததற்கும் கர்வத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரோடு பழுதானால் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் புதிதாகப் போட வேண்டும். அதுதான் முறை. வெண்ணாற்றூரில் சுரண்டுவதாகக் காகிதத்தில் இருக்கும், தெருவில் இருக்காது. பழையதன் தலையிலேயே புதியதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு ஏறியது, இரு பக்கமும் வீடுகள் இறங்கின. வேலை சரியாக நடந்தது என்று கையெழுத்துப் போட்டவர் கனகசபை. தெரியாமல் போட்டவர் என்று சொல்ல முடியாது. புதுக் காலனியில் அவர் கட்டிய சொந்த வீட்டின் தரை, தெருவிலிருந்து ஆள் மார்பளவு உயரத்தில் இருந்தது. ரோடு வளரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அந்த வருஷம் வெண்ணாற்றூருக்கு ஒரு யோகம் அடித்தது. நீடித்து நிலைக்கும் நகரங்களுக்கான விருதுப் பட்டியலில் ஊர்ப் பெயர் ஏறியது. தெருவெல்லாம் சிக்கன விளக்கு, குப்பையிலிருந்து உரம், பூங்காவில் மழைநீர்த் தொட்டி, பிளாஸ்டிக் கழிவைக் கலந்து போட்ட தார் ரோடு. எல்லாம் கனகசபையின் மூளை. அதில் பொய் ஒன்றுமில்லை, மனிதர் உழைத்திருந்தார். திங்கட்கிழமை குழு பார்வையிட வருகிறது. அவர்கள் நடந்து பார்க்கப்போகும் தெருக்களில் பாக்குக்காரத் தெருவும் ஒன்று. அவர் அங்கே பேச வேண்டும். பேச்சுக்கு அம்மா வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அந்த வியாழக்கிழமை சீக்கிரமே கிளம்பி வந்தார்.

குனிந்தார், தாண்டினார், இறங்கினார், உட்கார்ந்தார். சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கறை இருந்தது. போன வாரம் பெய்த மழையில் சாக்கடையும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்து, வடிய வழியில்லாமல் நாள் கணக்கில் நின்றிருந்தது. கறையை அவர் பார்த்தார். பேச்சு மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அம்மா, ஒரு ஊர் நீடிச்சு நிக்கணும்னா நகராட்சி என்ன செய்யணும்?"

வடிவம்மா பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சடையப்பன் செத்துட்டாரு. தூக்க ஆள் பத்தல. போயிட்டு வாங்க."

சடையப்பன் கடலை வறுத்து விற்பவர். அந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் கனகசபை அவரிடம் ஒரு பொட்டலம் வாங்குவார். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் நின்றபோது, அடுப்பை நனையவிடக் கூடாதென்று அந்த மனிதர் அந்தச் சாக்கடையிலேயே நின்று வாளியால் இறைத்திருக்கிறார். பிறகு காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது உடம்பு மட்டும்தான்.

தெருவில் பாடை தயாராக இருந்தது. உடம்பு உள்ளே பலகையில் கிடந்தது. கனகசபை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். வழக்கம்போல் நாலு பேர் தூக்கி, நிமிர்ந்து நடந்து, வெளியே கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்தார்கள். வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. தெரு அவர்கள் தொடை உயரத்தில் இருந்தது. மேலே நிலை. நடுவில் ஒரு பொந்து. பலகையோடு தூக்கிக்கொண்டு அதில் யாரும் நிமிர்ந்து போக முடியாது.

கொஞ்ச நேரம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், வெளியே இரண்டு பேர் ரோட்டில் மண்டி போட்டார்கள். உள்ளேயிருந்து தலைப்பக்கத்தைப் பிடித்திருந்த கனகசபை, நெஞ்சுக்கு நேரே தூக்கித் தள்ளினார். அவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். அந்த வீட்டிலும் கட்டியிருந்த தடுப்புச் சுவரில் பலகை மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை தள்ளினார். லாரியில் மூட்டை ஏற்றுவது போலத்தான் இருந்தது. பாதி வழியில் போர்த்தியிருந்த துணி நிலையின் ஆணியில் சிக்கி விலக, சடையப்பனின் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது.

மனைவி பவளக்கொடி அதுவரை தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தவள், அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இந்த வாசல்ல நிமிந்து மாப்பிள்ளையா வந்த மனுசன்" என்றாள். "இழுத்துட்டுப் போறீங்களே."

கடைசித் தள்ளு தள்ளியதும் கனகசபை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சுடுகாடு வரைக்கும் போய்விட்டு, குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு திரும்பி வந்தார். அம்மாவின் வீட்டுக்குள் இறங்கவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து பொந்து வழியாக உள்ளே பார்த்தார். வடிவம்மா பவளக்கொடிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

இந்தத் தெருவுக்கு நாளைக்குப் புது ரோடு போடப்போவதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று அம்மா கேட்டார். உண்மைதான் என்றார் கனகசபை.

பவளக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். "சார், இன்னொரு வாட்டி மேல ஏத்தினீங்கன்னா தூத்தலுக்கே தண்ணி உள்ள வந்துடும். அந்த அடுப்பு ஒண்ணுதான் எனக்கு இருக்கு. சுரண்டிட்டுப் போடச் சொல்லுங்க சார்."

"சுரண்டிட்டுத்தான் போடுவேன்" என்றார் கனகசபை. "நான் சொன்னா சொன்னதுதான்."

அதைச் சொன்ன நேரத்தில் அவர் உண்மையாகவே சொன்னார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் கான்ட்ராக்டர் போன் செய்தார். சுரண்டும் மெஷின் வெளியூரில் இருக்கிறது, வர ஒரு வாரம் ஆகும் என்றார். ஜே.சி.பி.யை வைத்தாவது பெயர்த்துவிடலாமே என்று கனகசபை கேட்டதற்கு, பெயர்த்தால் திங்கட்கிழமை குழு வரும்போது தெரு குண்டும் குழியுமாகத்தான் கிடக்கும், பரவாயில்லையா என்று திருப்பிக் கேட்டார். கமிஷனர் கூப்பிட்டார். விருது வரும் நேரத்தில் இதென்ன புதுப் பழக்கம், இத்தனை வருஷம் சுரண்டியா போட்டோம் என்று அன்பாகத்தான் கேட்டார். நகராட்சித் தலைவரும் ஒரு வார்த்தை சொன்னார். ஓய்வு பெறக் கனகசபைக்கு அதிக நாள் இல்லை என்று அக்கறையோடு நினைவுபடுத்தினார்.

கனகசபை சரி என்றார். அடுத்த தடவை கண்டிப்பாகச் சுரண்ட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஊரில் அடுத்த தடவைக்கு என்றுமே பஞ்சமில்லை.

திங்கட்கிழமை குழு வந்தது. பிளாஸ்டிக் கலந்த தார் கறுகறுவென்று மின்னியது. குழுவில் ஒரு அம்மாள் குனிந்து ரோட்டைத் தொட்டுப் பார்த்து மெச்சினார். இரு பக்கமும் வீடுகள் எவ்வளவு அடக்கமாக இருக்கின்றன என்று இன்னொருவர் சொன்னதாகக் கேள்வி. கனகசபை பேசினார். கைதட்டினார்கள். விருது கிடைத்தது.

செவ்வாயும் புதனும் மழை பெய்தது.

வியாழக்கிழமை அவர் வந்தபோது பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அடுப்பும் இரும்புச் சட்டியும் வெளியே ரோட்டோரம் சேறு அப்பிக் கிடந்தன. பவளக்கொடி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்கே தெரியாது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, கனகசபையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே இறங்கிப் போய்விட்டார்.

கனகசபை அம்மாவின் வாசலில் நின்றார். இந்தத் தடவை முதுகை வளைத்தால் போதவில்லை. புதுத் தாரில் மண்டி போட்டு, கையை ஊன்றி, தவழ்ந்துதான் உள்ளே போக முடிந்தது. உள்ளே கணுக்கால் அளவுத் தண்ணீர் நின்றது. வடிவம்மா கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். வேறு சீடர்கள் யாரும் வரவில்லை.

அவர் அந்தத் தண்ணீரிலேயே விழுந்து கும்பிட்டார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"ஏசுங்கம்மா" என்றார். "ஏதாவது சொல்லுங்க. எத்தனை வருஷமா இந்த வாசல்ல குனிஞ்சு வந்திருக்கேன். உங்க முன்னால தலை நிமிந்ததே இல்லையே."

"என் முன்னாலயா குனிஞ்சீங்க?" என்றார் வடிவம்மா. "நீங்க போட்ட ரோட்டுக்குல்ல குனிஞ்சீங்க."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு வேகமாகப் போனது. அதன் சக்கரம் மட்டும் வாசல் பொந்தில் தெரிந்து மறைந்தது.

இதற்குத் தான் என்ன பிராயச்சித்தம் செய்யலாம் என்று கனகசபை கேட்டார். கோயில் குளம் எங்கே போகச் சொன்னாலும் போகிறேன் என்றார். பவளக்கொடிக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிடவா என்றும் கேட்டார்.

வடிவம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். தண்ணீரில் நடந்து வாசலுக்குப் போனார். பொந்தின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு தன் உயரத்துக்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் வேணாம் ஐயா. நான் போற அன்னைக்கு மறக்காம வந்துடுங்க. உள்ளேருந்து தள்ளுறதுக்குப் பழகின ஆள் வேணும்."