பிரேக் ஒன்பதாம் பக்கத்தில்

கடவுள் ஆளுக்கொரு மூளை என்று பங்கு வைத்த நாளில் சுகநடை கம்பெனிக்காரர்கள் மொத்தமாக டீ குடிக்கப் போயிருந்தார்கள். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் அருணகிரி அவர்களிடம் சக்கர நாற்காலி வாங்கியிருக்க மாட்டார், பாவம்.

ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற மனுஷன். வலது கால் முறிந்து கிடந்தது. மிச்சமிருக்கிற இடது காலையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

நாற்காலியோடு, கையில் பாடப் புத்தகத்துடன் பூவராகன் என்ற பயிற்சியாளன் வந்தான்.

"ஐயா, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் சொல்லித் தரணும்னு மேனேஜர் உத்தரவு."

முதல் பக்கம், உட்காருவது. அருணகிரி உட்கார்ந்தார். மறுநாள் இரண்டாம் பக்கம், சக்கரத்தை உருட்டுவது. உருட்டினார். அவர் தெருவோ, வாசலில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் கடைத்தெருவில் போய்ப் பொறுக்கலாம், அப்படிச் சரிவு. நாற்காலி கிளம்பிவிட்டது.

"தம்பி, இதை நிறுத்துறது எப்படி?"

"அது ஒன்பதாம் பக்கம்யா. அடுத்த வாரம் இதே கிழமை," என்று கூடவே ஓடிவந்து பொறுமையாகச் சொன்னான் பூவராகன்.

சாக்கடை அடுத்த வாரம் வரை காத்திருக்குமா? இடது காலும் போயிற்று.

வக்கீல் நோட்டீஸ் போனதும் மேனேஜர் தணிகாசலம் பூவராகனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, கட்டில் பக்கத்தில் விசாரணை நடத்தினார்.

"விழுறது எத்தனையாம் பக்கம்?"

"பன்னிரண்டு சார்."

"இவர் ரெண்டாம் பக்கத்துலயே விழுந்திருக்கார். நடத்தாத பாடத்துக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?"

அருணகிரி கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். "நடத்தாததாலதானய்யா விழுந்தேன்," என்றார்.

இருவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், பாடத்தில் பின்தங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. கம்பெனிதான் பொறுப்பு, வைத்தியச் செலவு கம்பெனியுடையது, விழுவதைப் பற்றி இனி முதல் நாளே சொல்லித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அருணகிரிக்கு அப்பாடா என்றிருந்தது.

தீர்ப்பைத் தட்டுகிற ஆட்களா அவர்கள்? மறுநாள் காலையிலேயே புது நாற்காலி, புதுப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பூவராகன் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்து மெல்லச் சாய்த்தான்.

"தம்பி, என்ன பண்றே?"

"முதல் பக்கம்யா. கோர்ட்டு உத்தரவு."

"அடப்பாவி, எனக்குத்தான் ரெண்டு காலும் போச்சே."

மேனேஜர் குனிந்து அவருடைய கைகளை அக்கறையாகத் தடவிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்கய்யா, இது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பாடத்துக்குப் போதும்."