கன்றலின் இரண்டாம் நாள்

"தடம் தெரியாம ஆக்குறதுக்கு ஒரு எண்ணெய் தாங்க, ஆசான். பதினெட்டு நாளுக்குள்ள மறைஞ்சிரணும்."

கேட்டவர் தாணுலிங்கம். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது.

கேட்கப்பட்டவள் அஜிதா. முப்பத்துநாலு வயது. தக்கலைப் பக்கம் வர்ம வைத்தியசாலை நடத்துகிறாள். அப்பாவுக்குப் பிறகு அவள்தான் ஆசான். வருகிற ஆண்களில் பாதிப் பேர் "அப்பா இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். ஏட்டையாவும் கேட்டார். பிறகு உட்கார்ந்தார். வேறு வழி?

"யாருக்குத் தடம்?"

"என் வீட்டுக்காரிக்கு. செண்பகம்னு பேரு."

"யாரு போட்டது?"

ஏட்டையா கேள்வி கேட்டுப் பழகின மனுஷன். பதில் சொல்லிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் அடிக்கல்ல."

"அடிச்சியளான்னு நான் கேக்கல்லியே."

பிறகு விஷயம் வெளியே வந்தது. செண்பகத்துக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருஷம் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. எழுப்புவது, குளிப்பாட்டுவது எல்லாம் ஏட்டையாதான். அவர் பிடித்துத் தூக்கினால் பிடித்த இடமெல்லாம் கன்றிப்போகிறது.

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து மகள் ஸ்ரீகலா வீடியோவில் பேசினாள். அம்மாவின் மேற்கையில் நாலு விரல் தடத்தைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா கையில அம்மாவ விடமாட்டேன்னு சொல்லிட்டா. பத்தொம்பதாம் நாள் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாளாம். செண்பகம் போயிட்டா நான் அந்த வீட்டுல என்ன செய்ய?"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு நம்புவா? ஸ்டேஷன்ல என் கையைப் பத்தி ஒரு பேச்சு உண்டு."

"என்ன பேச்சு?"

"ஏட்டு அடிச்சா தடம் இருக்காதுன்னு."

அஜிதா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாத்திரையை நிறுத்தல்லியே?"

"இல்ல."

"நிறுத்தாதீங்க. டாக்டர் கொடுத்ததுல நான் தலையிட மாட்டேன். கன்றல் வீங்கிக்கிட்டே போனா இங்க வரண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"சரி. எண்ணெய்?"

"உங்க கை போட்ட தடத்தை ரெண்டாம் நாள் பாத்திருக்கியளா?"

ஏட்டையா யோசித்தார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். முதல் நாள் தடம் நிறையப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள் ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குமேல் அது ஜெயில்காரன் பாடு.

"இல்ல."

"போய்ப் பாருங்க. தெனமும் பாத்து வந்து சொல்லுங்க."

"தடவாம எப்படி ஆறும்?"

"ஆறுறது அதோட வேலை ஏட்டையா. பாக்குறது உங்க வேலை."

அந்த வைத்தியசாலையில் அதுதான் முறை. புதுக் கன்றலில் மூன்று நாள் கண்ணை வைக்கலாம், கையை வைக்கக்கூடாது.

வைத்தியம் கேட்டு வந்தால் எனக்கே டியூட்டி போடுகிறாளே என்று முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் வந்தார்.

"இடது மேற்கை. நேத்து சிவப்பு. இன்னைக்குக் கத்திரிக்கா நிறம்."

"ஓரம் எப்படி இருக்கு?"

ஓரத்தை அவர் பார்க்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்குப் போய், பார்த்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்தார்.

"நடுவுல அடர்த்தி. ஓரம் கலங்கிக் கிடக்கு."

"ம்."

இந்த "ம்"முக்காகவா ரெண்டு பஸ் ஏறினோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மூன்றாம் நாள் வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஆசான், முழங்கைக்கு இறங்கியிருக்கு! அங்க நான் தொடவே இல்ல. சத்தியமா!"

அஜிதா வாசலில் கஷாயம் வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி எடுத்து மேல்படியில் ஊற்றினாள். அது வழிந்து இரண்டாம் படிக்கு வந்தது, பிறகு மூன்றாம் படிக்கு.

"கீழ்ப்படியில நான் ஊத்தினேனா?"

ஏட்டையா குனிந்து பார்த்தார்.

"அப்ப ரத்தக் குழாயை விட்டு வெளிய வந்த ரத்தம், வந்த வழியே திரும்பிப் போகாதா?"

"போகாது. கிடந்த இடத்துலயே கொஞ்சம் கொஞ்சமா உடையணும். உடைஞ்சதை உடம்பு தின்னுரும்."

"தன் ரத்தத்தையேவா?"

"பின்ன, அடுத்த வீட்டுக்காரனா வந்து தின்னுவான்?"

அன்றிலிருந்து ஏட்டையாவுக்கு ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. மனுஷன் ரிட்டயர்டு ஆகலாம், போலீஸ்காரன் கண் ரிட்டயர்டு ஆகுமா? காலையில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, மனைவியின் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல என் கையை இப்படி ஒருநாள் பாத்திருக்கியளா? தாலி கட்டும்போதுகூட அய்யரைத்தான் பாத்திய," என்றாள் செண்பகம்.

"அசையாத. ஓரம் தெரியல்ல."

ஆறாம் நாள், திங்கட்கிழமை. செண்பகத்தின் இடுப்பில் கட்டில் விளிம்பு பட்ட இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ரத்தக்கட்டு. கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே?

பெருவிரலால் பக்கத்தில் அமுக்கினார். "இங்க வலிக்கா?"

"இல்ல."

போலீஸ்காரன் முதல் பதிலை நம்புவானா? இன்னொரு இடத்தில் அமுக்கினார். "நெஜத்தச் சொல்லு."

"இல்லங்க."

மூன்றாம் இடத்தில் பலமாகவே அமுக்கினார்.

"வலிக்கு, வலிக்கு! போதும், விடுங்க."

மறுநாள் கட்டியைச் சுற்றி மூன்று நீலம். ஒவ்வொன்றும் அவர் பெருவிரல் அளவு.

நடந்ததை அவர் மறைக்காமல் சொன்னார். அஜிதா கேட்டாள்.

"முதல்ல என்ன சொன்னா?"

"வலிக்கல்லன்னு."

"மூணாவது?"

"வலிக்குன்னு."

"எது நெஜம்?"

ஏட்டையா ஸ்டேஷனில் மூன்றாவது பதிலை வாங்கி எழுதியே முப்பத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறார். எத்தனை பேருடைய மூன்றாவது பதில்!

"முதல்ல சொன்னது நெஜம்," என்றார். "கடைசியில சொன்னது நான் வரவச்சது."

"கட்டியை அமுக்கி உடைக்கப் பாக்காதீங்க. அது தானா இளகும்." அஜிதா தன் கையை நீட்டினாள். "அம்மாவ எப்படிப் பிடிச்சுத் தூக்குவிய? பிடிங்க பாப்போம்."

பிடித்தார்.

"இது பிடிக்கிறதில்ல ஏட்டையா. கைது."

உள்ளே போய் நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பையில் போடாமல் கையில் வைத்தே கொண்டுபோகச் சொன்னாள். விரல் பதியக்கூடாது, உள்ளங்கையில் தாங்கணும்.

பஸ் திருப்பத்தில் ஒரு உலுக்கு. வீடு சேரும்போது பப்பாளியில் அஞ்சு குழி. அடுத்த நாள் வேறொரு பழம், மூன்று குழி. அதற்கடுத்த நாள் ஒன்று.

"அடிபட்ட பழமா பாத்துப் பாத்து வாங்கிட்டு வாரிய," என்று சிரித்தாள் செண்பகம். ஆனாலும் தின்றாள்.

எட்டாம் நாளே மேற்கைத் தடம் பச்சை கண்டிருந்தது.

"அழுகுது ஆசான்!"

"நாத்தம் வருதா? காய்ச்சல் உண்டா?"

"இல்ல."

"பின்ன ஆறுது. ஆறுறது அழகாத்தான் இருக்கும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

பச்சை வெளுத்து மஞ்சளானது. பதினோராம் நாள் ஏட்டையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"இனி நிறத்தைப் பாத்தே நான் நாள் சொல்லிருவேன், ஆசான்."

"இடுப்புல உள்ள மூணும் ஒரே நாள் விழுந்தது. மூணும் ஒரே நிறமா இருக்கா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று மங்கிப் பாதி போயிருந்தது. ஒன்று மஞ்சள். ஒன்று இன்னும் நீலம்.

"ஒரே கை, ஒரே நாள். ஏன் ஆசான் இப்படி?"

"எனக்கும் தெரியாது. ஒவ்வொண்ணும் அதது சவுகரியத்துக்குத்தான் ஆறும்."

பதினேழாம் நாள் கடைசியாக வந்தார்.

"மேற்கையில ஒண்ணுமில்ல. புதுசாவும் எதுவும் விழல்ல. இடுப்புல மட்டும் ஒண்ணு மிச்சம். நாளைக்கு விட்டு மறுநாள் மக வாறா. இப்பவாவது அந்த எண்ணெய்..."

"மறைக்கவா?"

நீட்டின கையை ஏட்டையா மடக்கிக்கொண்டார்.

"மக கேட்டா என்ன சொல்லுவிய?"

"பாத்ததைச் சொல்லுவேன்."

அஜிதா எழுந்து அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகலா வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராக அம்மாவிடம் போனாள். கைகளைத் திருப்பிப் பார்த்தாள். புடவையை விலக்கி இடுப்பைப் பார்த்தாள்.

"இது என்ன?"

ஏட்டையா பக்கத்தில் வந்து நின்றார்.

"பதிமூணு நாளைக்கு முந்தி, திங்கக்கிழமை காலையில. என் பெருவிரல். வலிக்கல்லன்னுதான் உங்கம்மா சொன்னா. நான் நம்பாம மூணு தடவை அமுக்கினேன். மறுநாள் நீலம். ஒரு வாரம் நீலமாவே கிடந்துது. பிறகு பச்சை. இப்ப ஓரம் மஞ்சள், நடுவுல பழுப்பு. கூட உள்ள ரெண்டும் போயாச்சு. இதும் நாலஞ்சு நாள்ல போகும். போகாமலும் இருக்கலாம்."

ஸ்ரீகலா அம்மாவைப் பார்த்தாள்.

"நெஜந்தான் மக்களே," என்றாள் செண்பகம் மகளிடம். "தெனமும் பாத்துப் பாத்து மனுஷனுக்குக் கண்ணு பூத்துப் போச்சு. இப்ப தூக்கினா, தூக்கினதே தெரியல்ல. நான் எங்கயும் வரல்ல."

ஸ்ரீகலா அம்மாவின் புடவையைச் சரிசெய்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது என்னைப் பெல்ட்டால அடிச்சியளே அப்பா. முதுகுல. அது எத்தனை நாள் இருந்துதுன்னு தெரியுமா?"

ஏட்டையா வாயைத் திறந்தார். 'நான் எப்ப அடிச்சேன்?' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார். சுவரைப் பிடித்து மெல்லக் குனிந்து, மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"தெரியாது மக்களே," என்றார். "நீ சொல்லு, நான் கேக்கேன்."