மாசிலாமணி மூடின கை

டேய், டீயைக் கீழ வைங்கடா. இந்தக் கதைக்கு விடை சொல்லக் கொஞ்சம் மூளை வேணும். உங்ககிட்ட எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும், அதனால மெதுவாவே சொல்றேன். நடுவுல நான் சும்மா உளர்ற மாதிரி இருக்கும். அதையும் காதுல வாங்கிக்கங்க.

ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டு நான் பட்டாளத்துக்கு ஓடினேன்ல. பர்மாவுல கொண்டுபோய் விட்டாங்க. ஜப்பான்காரனைத் துரத்துற சண்டை. ரோடு கிடையாது, காடும் மலையும்தான். சாமானெல்லாம் கோவேறு கழுதை முதுகுலதான் போகும். கழுதை மேய்க்கக்கூட லாயக்கில்லைன்னு என்னைச் சமையல்ல போட்டாங்க. எங்களோட இங்கிலீஷ்காரன், அமெரிக்காக்காரன், சீனாக்காரன், அந்த மலைக்காரங்களான காச்சின் ஜனங்க எல்லாரும் இருந்தாங்க. ஒருத்தன் திட்டுறது இன்னொருத்தனுக்குப் புரியாது. ரொம்ப ஒத்துமையா இருந்தோம்.

கழுதை கத்தினா எதிரிக்குக் கேட்டுடும். அதனால மிருக டாக்டர் மயக்கமருந்து கொடுத்து அதுங்க குரலை எடுத்துடுவாரு. எங்க மாசிலாமணி, தர்மபுரிப் பக்கத்து ஆளு, தன் கழுதைக்கு அம்புஜம்னு பேரு வச்சிருந்தான். எங்க பெரியம்மா பேரு. எனக்கு வருத்தம்தான், பெரியம்மாவுக்கு எழுதலை. குரலை எடுத்த அன்னிக்கு அம்புஜம் தலையை மடியில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தான். அதுலேர்ந்து தினமும் காலையில, தனக்குக் கிடைக்கிற துளி உப்பை இடது உள்ளங்கையில வச்சு நக்கக் கொடுப்பான்.

ரெண்டு வருஷம் அப்படி. ஒரு மழைக்காலத்துல ஆத்தைத் தாண்டும்போது வெள்ளம் அவளை இழுத்துட்டுப் போயிடுச்சு. குரல் இருந்தா கத்தியிருப்பா, தேடிப் பிடிச்சிருக்கலாம். மாசிலாமணி ரெண்டு நாள் கரையோரமாவே நடந்தான்.

ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு சீனப் படையோட சேர்ந்தோம். அங்க நிக்கிறா அம்புஜம். லியூன்னு ஒரு சிப்பாய் ஆத்துல குதிச்சு அவளை இழுத்துப்போட்டு, சட்டையைக் கிழிச்சுக் கால் புண்ணுக்குக் கட்டி, தன் சோத்துல பாதி ஊட்டி எழுப்பியிருக்கான். அவன் வச்ச பேருக்குத் 'தங்கச்சி'ன்னு அர்த்தம்னு காச்சின் வழிகாட்டி சொன்னாரு.

மறுநாள் அவங்க வடக்கே, நாங்க தெற்கே. ரெண்டு பேரும் கயித்தை விடலை. எங்க இங்கிலீஷ் மேஜர் வந்தாரு.

"இருபதடி தள்ளி ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க. கூப்பிடக் கூடாது. கையில தீனி இருக்கக் கூடாது. வெறும் கையை விரிச்சு நீட்டுங்க. எந்த விரிச்ச கையில மூக்கை வைக்கிறாளோ, அவனுக்கு."

மாசிலாமணி என் பக்கம் திரும்பினான். "அவன் சோறு ஊட்டியிருக்கான்டா."

"நீ ரெண்டு வருஷம் ஊட்டலையா?"

"அவளுக்கு ஞாபகம் இருக்குமா?"

"உன் மூஞ்சியை யாருடா மறப்பா? போடா"ன்னு அவன் இடது கையை என் ரெண்டு கையாலயும் பிடிச்சு அழுத்தி அனுப்பினேன். தூறல் போட்டுக்கிட்டிருந்துச்சு.

லியூ கையை விரிச்சு நீட்டினான். மாசிலாமணியும் நீட்டினான், ஆனா மூடின கையை. மேஜர் விரிக்கச் சொன்னாரு. விரிக்கலை.

டாக்டர் கயித்தை விட்டாரு. அம்புஜம் நேரா மாசிலாமணிகிட்டதான் வந்தா. மூடின கையை மூக்கால முட்டினா. நின்னா. மறுபடியும் முட்டினா. குரல் இல்லாதவ வேற எப்படிக் கேட்பா? அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டான். ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு, மெல்ல லியூ பக்கம் போனா.

லியூ அழுதுட்டான். மாசிலாமணி போய்த் தன் கம்பளியை அவ முதுகுல போட்டு, காதுக்குப் பின்னால எங்க சொறிஞ்சா அவளுக்குப் பிடிக்கும்னு வலது கையால லியூவுக்குக் காட்டிக் கொடுத்தான். இடது கை அப்பவும் மூடினபடியே இருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம் பருப்புல உப்பு சரியா இல்லைன்னு எல்லாரும் என்னைக் கிழிச்சாங்க. மாசிலாமணி மட்டும் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டான்.

இப்பச் சொல்லுங்க. விரிச்சிருந்தா அவ அவனுக்குத்தான். ஏன் விரிக்கலை? அவன் செஞ்சது சரியா? லியூ மேல இரக்கப்பட்டுன்னு சொல்லாதீங்க. இரக்கப்பட்டவன் முதல்லயே கயித்தை விட்டிருப்பான்.

சரி, முழிக்காதீங்க. அவன் கையில உப்பு இருந்துச்சு. ஈரக் கையில ஒட்டின உப்பு, உதறினாலும் போகாது. லியூ கை வெறும் கை. விரிச்சா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அவனுக்குத் தெரியும். அதனால மூடினான். அவன் செஞ்சது சரிதான். ஆனா இருபதடி தூரத்துல மூடின கைக்குள்ள இருக்கிற உப்பு எந்தக் கழுதைக்குடா தெரியும்? அவ வந்தது அவனுக்காக. வெறும் கையா இருந்திருந்தா விரிச்சிருப்பான், அம்புஜம் எங்களோடவே வந்திருப்பா.

அந்த உப்பை அவன் கையில அழுத்தினது நான்தான். அவ மேல நம்பிக்கை இல்லாதது எனக்குத்தான்.