விதைப் பானையும் மயிலார் விருந்தும்

மழை பொய்த்த கண்மாய்க் கரையில் வயல் எலிகள் குடியிருந்தன. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எலிகளின் வயிறோ அதைவிட மோசமாகக் காய்ந்திருந்தது.

ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பானை குதிரைவாலி. செவனி என்கிற எலி அதை விதைக்கென்று தன் வளைக்குள் பொத்திக் காத்தாள். பிள்ளைகள் பசித்து அழுதபோதும் அவள் அதில் கை வைக்கவில்லை. மழை வந்தால் ஊரே அதைத்தான் விதைக்க வேண்டும்.

அப்போது ஒரு சேதி வந்தது. வறுமையை ஒழிக்கக் காட்டு ராஜாவின் அதிகாரி மயிலார் நேரில் வருகிறாராம்!

ஊர்த் தலைவர் தொந்தியப்ப எலிக்குத் தலைகால் புரியவில்லை. நேரே செவனியின் வளைக்கு ஓடினார்.

"மதினி, அந்தப் பானையை எடுங்க. பெரியவருக்கு விருந்து வைக்கணும்."

"அது விதை, கொழுந்தனாரே. மழை பெஞ்சா எதை விதைக்கிறது?"

"அவருதான் வறுமையையே ஒழிக்கப் போறாரே, அப்புறம் விதை எதுக்கு?"

ஆகா, என்ன அறிவு என்று ஊரே தலையாட்டியது.

"வந்தவரை வெறும் வயித்தோட அனுப்பின ஊருன்னு பேரு வரணுமா? அதுவும் உங்களாலயா?" என்றார் தலைவர்.

அந்தப் பேச்சில் செவனி தளர்ந்துபோனாள். வயிறு எரிய எரியப் பானையைத் தூக்கிக் கொடுத்தாள்.

மயிலார் தோகையில் புழுதி படாமல் பதவிசாக வந்தார். பானையின் அடி தெரியும்வரை கொத்தித் தின்றார். வெறும் வயிற்றோடு வறுமையை ஆராய முடியுமா என்ன? தின்று முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"இவ்வளவு அருமையான விருந்து போடுகிற ஊரிலா வறுமை? இங்கே நான் ஒழிக்க ஒன்றுமே இல்லையே!"

எலிகள் மகிழ்ந்து கைதட்டின. தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மயிலார் பறந்துபோனார்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. மண் பதமாக நனைந்தது. செவனி காலிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈர மண்ணைப் பார்த்து அழுதாள்.

தலைவர் மெல்ல வந்து நின்றார். "மதினி, விதை கொஞ்சமாவது..."

"மயிலார் வயித்துல இந்நேரம் கதிர் விட்டிருக்கும். போய் அறுத்துட்டு வாங்க, கொழுந்தனாரே."

வெட்டிப் பெருமைக்காக விதையை விருந்தாக்குகிற ஊருக்கு, பெய்கிற மழையாலும் பயனில்லை.